எந்த அம்மனுக்கு இந்த நேத்தி

என்னை எங்கட ஊரில விடுப்புக்காரி எண்டுதான் சொல்லுவாங்க. சொல்லிட்டுப் போகட்டும். ஆனா அடுத்த வீட்டில என்ன கறி, ஆர்ட மகள் ஆரோட ஃபோனில கதைக்கிறாள் எண்ட விடுப்பு இல்ல என்ட விடுப்பு. எனக்கு ஏன் எண்டு கேட்டாத்தான் நித்திரை வரும். தையல் மெசினுக்கு முன்னால இருந்து காலை மிதிச்சுக்கொண்டு ஒரு ‘ஏனை’ப் பிடிச்சனெண்டா, சட்டை முடியுறவரைக்கும் அதை விட மாட்டன். சில ஏன் சட்டை முடிஞ்சும் விடாது. இதுவும் அப்படி ஒண்டுதான்.

செட்டிபாளையத்தில என்ட வீட்டு முன்னறைதான் என்ட கடை. பொம்பிளைகளுக்கு மட்டும்தான் தைக்கிறன். சாரிச் சட்டை, பஞ்சாபி, பள்ளிக்கூட யூனிபோம் எல்லாம் வரும். இத்தனை காலத்தில நான் கண்ட ஒரு விசயம் சொல்லுறன். அளவு நாடாவை இடுப்பைச் சுத்திக் கொண்டு போனா உடனே மூச்சை உள்ளுக்கு இழுத்திருவாங்க. டீச்சரும் இழுப்பா, வயல் வட்டையில நாள் முழுக்கக் குனிஞ்சு களை புடுங்கிற மனுசியும் இழுப்பா. “மூச்சை விடுங்க, சட்டையைப் போட்டுக்கொண்டு மூச்சு விடத்தானே வேணும்” எண்டு நான் ஏசுவன். சிரிப்பாங்க. சிரிச்சிட்டுத் திரும்பவும் இழுப்பாங்க. கலியாணப் பொம்பிளைகள் இன்னும் மோசம். “கொஞ்சம் பிடிச்சே தைங்க, நாள் வரக்குள்ள நான் மெலிஞ்சிருவன்” எண்டு, வராத உடம்புக்கு அளவு குடுத்திட்டுப் போவாங்க.

ஆம்பிளைகளும் இப்படியோ எண்டு எனக்கு யோசனை. டவுணில கால்சட்டை தைக்கிற ஒருத்தரிட்ட ஒருக்கா நூல் வாங்கப் போனபோது கேட்டன். அவர் விழுந்து விழுந்து சிரிச்சார். “எங்க கா! அவனுகள் வயித்தைத் தள்ளிக்கொண்டு நிண்டு, கொஞ்சம் கூட்டியே எடுங்க எண்டுதான் சொல்லுவானுகள். வளர இடம் வேணுமாம்.” எனக்கும் சிரிப்பு வந்தது. பஸ்ஸில வரக்குள்ள பாத்தா, சிரிப்புப் போயிட்டு, ஏன் மட்டும் இருந்தது.

என்ட வளவுக்குப் பக்கத்து வளவு அக்காட. ரெண்டும் எங்கட அம்மாட சீதனக் காணி. எங்கட பக்கத்தில பொம்பிளைப் புள்ளைக்குத்தான் வீடு, மாப்பிள்ளைதான் வந்து குடியிருக்கிறது. அதால அக்காவும் நானும் கலியாணம் முடிச்சும் பிரியல்ல. நடுவில ஒரு வேலி, அதில ஆள் நுழையிற அளவுக்கு ஒரு இடைவெளி. அக்காட மகள் எனக்கும் மகள்தான், என்னைச் சின்னம்மா எண்டுவாள். எனக்குப் பிறந்த ரெண்டும் பொடியனுகள். ஆசைக்குத் தைச்சுப் போட்டுப் பாக்க எனக்கிருந்த ஒரே பொம்பிளைப் புள்ள அவள்தான். ஏ.எல். படிச்சு முடிச்சிட்டுப் பாலர் பள்ளிக்கூடத்தில படிப்பிச்சாள். சிரிச்சாளெண்டா தெருவில போறவனும் என்னெண்டு தெரியாமச் சிரிப்பான். நல்லாச் சாப்பிடுவாள். இறால் பொரிக்கிற மணத்துக்கு என்ட வீட்டில இருந்து அவங்கட குசினிக்கு ஓடின ஓட்டம் எனக்கு இன்னும் கண்ணுக்குள்ள நிக்குது.

அத்தான் மேசன். மகளுக்குரிய வீட்டை அவர் தன்ட கையாலயே அதே வளவில பின்னுக்குக் கட்டிக்கொண்டிருந்தார். கூரை போட்டு, தரைக்கு மாபிள் பதிச்ச கையோட தேற்றாத்தீவில இருந்து ஒரு பகுதி பொம்பிளை பாக்க வந்தாங்க. மாப்பிள்ளைட தாய், ரெண்டு மாமிமார். வந்தவங்க முதல்ல வீட்டைத்தான் சுத்திப் பாத்தாங்க. சுவரைத் தட்டிப் பாத்தாங்க, பைப்பைத் திறந்து பாத்தாங்க. “வீடு வடிவாக் கட்டியிருக்கிறீங்க” எண்டாங்க. மறுகா கிறுகித் திரும்பி மகளைப் பாத்தாங்க. “புள்ளையும் வடிவுதான். உடம்புதான் கொஞ்சம் மொத்தம். ஒரு புள்ளையப் பெத்தா இன்னும் கூடும், இப்பவே பாத்துக்கொள்ளுங்க” எண்டு அந்தத் தாய் சொன்னா. அக்கா உடனே, “அது குறைச்சிருவாள், குறைச்சிருவாள்” எண்டா, சாரியில கரையை மடிச்சுத் தைக்கிற மாதிரி லேசா. எல்லாரும் சிரிச்சாங்க. மகளும் சிரிச்சுக்கொண்டுதான் பலகாரத் தட்டை நீட்டினாள். பக்கத்தில நிண்ட எனக்கு அந்தச் சிரிப்பில ஒரு பிழையும் தெரியல்ல.

அந்தக் கிழமையே அவள் சோறை விட்டாள்.

அப்ப அவள்ட அண்ணன் கட்டாருக்குப் போறதுக்கு விசா வருமோ வராதோ எண்டு இழுபட்டுக்கொண்டிருந்தான். “அண்ணன்ட பயணம் சரிவரும்வரைக்கும் நான் சோறு தின்ன மாட்டன், அம்மனுக்கு நேத்தி வச்சிருக்கன்” எண்டு ஒரு மத்தியானம் சோத்துக் கோப்பையைத் தள்ளிவச்சிட்டுச் சொன்னாள். அக்காக்குக் கண் கலங்கிப்போச்சு. அண்ணனுக்காக இப்படி ஒரு தங்கச்சி ஆருக்குக் கிடைக்கும் எண்டு வேலிக்கு வேலி சொல்லித் திரிஞ்சா. சொந்தக்காரர், கோயில் ஆக்கள், பாலர் பள்ளிக்கூடத்துத் தாய்மார் எல்லாரும் அவளை ஒரு மரியாதையோட பாக்கத் தொடங்கினாங்க. தேற்றாத்தீவுக்கும் கதை போய், “பக்தியான புள்ள” எண்டு அங்க இருந்து திருப்பியும் சொல்லிவிட்டாங்க.

எங்கட ஆக்கள்ட்ட ஒரு பழக்கம் இருக்கு. ஒருத்தர் நேத்தி வச்சா எந்தத் தெய்வம், என்ன பேச்சு எண்டு தோண்டிக் கேக்கிறல்ல. கேட்டா பலிக்காதாம். விரதக்காரர் சாப்பிடுறதையும் நிண்டு பாக்கிறல்ல, கண்ணூறு படும். அவங்களுக்குச் சட்டி பானை வேற, சாப்பிடுற நேரமும் வேற. அப்ப பாருங்க, ஒரு புள்ள சாப்பிடாம இருக்கிறதுக்கு இதைவிடப் பத்திரமான இடம் எங்க கிடைக்கும்? கதவையும் நாங்களே சாத்திக் குடுத்து, முதுகையும் காட்டிக்கொண்டு நிண்டம். தனக்கெண்டு வச்சிருந்த சின்னச் சட்டியில அவள் ஏதோ கிழங்கு அவிச்சாள், இலை அவிச்சாள். எவ்வளவு அவிச்சாள், அதில எவ்வளவு கோழிக்குப் போச்சு எண்டு ஒருத்தருக்கும் தெரியா.

எனக்குத் தெரிய வந்தது நூலாலயும் ஊசியாலயும்தான். ஒரு பஞ்சாபியைக் கொண்டுவந்து, “லூசா இருக்கு சின்னம்மா, பிடிச்சுத் தாங்க” எண்டாள். பிடிச்சுக் குடுத்தன். அதே பஞ்சாபி திரும்பவும் வந்தது. திரும்பவும் பிடிச்சன். மூண்டாந்தரம் வந்தபோது பிடிக்கிறதுக்குத் துணியில இடமில்ல, பழைய தையல் எல்லாம் உள்ளுக்கு மடிஞ்சு தடிச்சுப்போய் நிண்டது. அளவு எடுக்கக்குள்ள அவள் மூச்சை இழுக்கவும் இல்ல. இழுக்கிறதுக்கு வயிறு இல்ல. அவள்ட தோளில கையை வச்சுப் பாத்தன். “என்ன மனே, என்ட புள்ள, எலும்பெல்லாம் தெரியுது” எண்டன். “சும்மா போங்க சின்னம்மா” எண்டு சிரிச்சாள்.

அதைவிட எரிச்சல் என்னெண்டா, தைக்க வாற குமரிகள். “உங்கட அக்காட மகள் என்ன வடிவா மெலிஞ்சிட்டா! என்ன செய்தவ எண்டு கேட்டுச் சொல்லுங்களன்” எண்டு என்னட்டையே ரகசியம் கேட்டாங்க. ஒருத்தி ஃபோனை எடுத்து அவள்ட படத்தை என்ட முகத்துக்கு முன்னால பிடிச்சாள். நான் கத்தரிக்கோலை மேசையில போட்ட சத்தத்தில ஃபோனைப் பைக்குள்ள வச்சிட்டாள்.

அண்ணன்ட பயணம் சரிவந்தது. கட்டாரில இறங்கிட்டன் எண்டு அவன் வீடியோவில காட்டின நாள் அக்கா கொடுவா மீன் வாங்கி, தேங்காய்ப் பால் விட்டு ஆணம் காச்சினா. மகள் சோறு தின்னப் போறாள் எண்டு நானும் வேலியால நுழைஞ்சு போனன். அவள் எல்லாருக்கும் போட்டுக் குடுத்தாள். “நீ இரு மகள்” எண்டு அத்தான் சொல்ல, “அண்ணனுக்கு அங்க நல்ல இடத்தில வேலை அமையட்டும் அப்பா, அதுவரைக்கும்தான்” எண்டாள். அத்தான் கண்ணைத் துடைச்சுக்கொண்டு சாப்பிட்டார். வேலை அமைஞ்சது. பிறகு செவ்வாய் எண்டாள், வெள்ளி எண்டாள், கௌரி விரதம், சட்டி விரதம் எண்டாள். எங்கட கலண்டரில விரதத்துக்கா பஞ்சம்?

ஆனா ஒண்டு எனக்கு விளங்கவேயில்ல. சாப்பிடாத அந்தப் புள்ளைதான் அந்த வீட்டில எல்லாருக்கும் சமைச்சாள். முந்தி ஒரு முட்டை பொரிக்கவும் பஞ்சிப்படுறவள், இப்ப நண்டுக்கறி, பால்ரொட்டி, இடியப்பப் பிரியாணி எண்டு ஃபோனைப் பாத்துப் பாத்துச் செய்தாள். என்ட பொடியனுகளுக்கும் கொண்டு வந்து குடுப்பாள். குடுத்திட்டுப் போக மாட்டாள். கதவு நிலையில சாஞ்சு நிண்டு அவனுகள் தின்னுறதைப் பாத்துக்கொண்டிருப்பாள். “இன்னும் கொஞ்சம் போடட்டா?” எண்டு கேக்கக்குள்ள அவள்ட தொண்டை ஏறி இறங்குறதை நான் கண்டன். பசியில்லாத ஆள் இப்படிப் பாக்குமா?

அப்பதான் எனக்கு அந்த ஏன் வந்து பிடிச்சது. கடைக்கு வாற பொம்பிளைகளிட்ட சும்மா கதையோட கதையாக் கேக்கத் தொடங்கினன்: “நேத்து மத்தியானம் என்ன சாப்பிட்டீங்க?” எல்லாரும் டக்கெண்டு பதில் சொன்னாங்க. “கீரையும் மீன் பொரியலும்.” “கத்தரிக்காயும் பருப்பும்.” நான் விட மாட்டனே. “அது சமைச்சது. நீங்க என்ன சாப்பிட்டீங்க?” எண்டா, முழிச்சாங்க. ஒருத்தி புள்ள மிச்சம் விட்டதைச் சாப்பிட்டாவாம். ஒருத்தி கறிச்சட்டியில ஒட்டினதுக்குள்ள சோறைப் போட்டுப் பிரட்டித் தின்டாவாம், அதுவும் நிண்டுகொண்டு. இன்னொருத்தி கன நேரம் யோசிச்சிட்டு, “சாப்பிட்டிருப்பன்தானே, இல்லாட்டி எப்படி இருக்கிறது” எண்டா. அவட சட்டையை வாங்க வந்த புருசனிட்டையும் நான் அதே கேள்வியைக் கேட்டன். மனுசன் மீன்ட பேரிலயிருந்து அதில புளி கூடினது வரைக்கும் சொன்னார்.

இவங்க ஒருத்தருக்கும் நோய் வருத்தமில்ல. மகளைப் போல எலும்பும் தோலுமா ஒருத்தியும் இல்ல. ஆனா தன்ட சாப்பாட்டைப் பத்திச் சொல்ல ஒருத்திக்கும் வார்த்தை இல்ல. பொம்பிளை சாப்பிடாம இருந்தா எங்கட கண்ணுக்கு அது குறையாத் தெரியுறல்ல, நல்ல குணமாத்தான் தெரியுது. அதுக்குள்ள ஒரு புள்ள செத்துக்கொண்டிருந்தாலும் வித்தியாசம் தெரியாது.

நான் அக்காட்ட ஒருக்காச் சொன்னன், ஆசுபத்திரியில காட்டுவம் எண்டு. “விரதம் இருக்கிற புள்ளையை வருத்தக்காரி ஆக்காத” எண்டு அவ சினந்தா. கலியாணப் பேச்சு நடக்கிற நேரம், ஊருக்குக் கதை போயிரும் எண்ட பயமும் அவவுக்கு இருந்தது. ரெண்டு நாள் நாங்க கதைக்கல்ல.

வைகாசியில கண்ணகி அம்மனுக்குச் சடங்கு தொடங்கிச்சு. மத்தியானப் பூசைக்கு அக்கா, மகள், நான் எண்டு மூண்டு பேரும் போனம். நல்ல வெக்கை. உடுக்குச் சத்தம், சாம்பிராணிப் புகை, காலடி வைக்க இடமில்லாத சனம். மகள் எனக்கு முன்னால கையைக் கூப்பிக்கொண்டு நிண்டாள். பாத்துக்கொண்டிருக்க அவள்ட கை நடுங்கத் தொடங்கிச்சு. பிறகு தோள் நடுங்கிச்சு. கண் மேல போய், உடம்பு ஒருக்கா ஆடி, அப்படியே மண்ணில விழுந்தாள்.

“அம்மன் வந்திட்டா!” எண்டு ஆரோ கத்தினாங்க.

ஐயோ, அதை நான் என்னெண்டு சொல்லுறது! குரவைச் சத்தம் எழும்பிச்சு. எங்கட கோயில்களில தெய்வம் ஏறி ஆடுறது புதினமில்ல, தெய்வம் ஏறினவ வாயால சொல்லுறதைக் கட்டு, அருள்வாக்கு எண்டு சனம் நம்பும். அதுவும் அண்ணனுக்காகச் சோறை விட்ட விரதக்காரி! அவளுக்கு வராம ஆருக்கு வரும்? அவள்ட கையில வேப்பிலையைத் திணிச்சாங்க. அக்கா, பெத்த தாய், மகளுக்கு முன்னால முழந்தாளில நிண்டு கும்பிட்டா. ஒரு மனுசி சனத்தை இடிச்சுக்கொண்டு வந்து, “தாயே, என்ட மகளுக்கு எப்ப கலியாணம் சரிவரும், கட்டுச் சொல்லு தாயே” எண்டு கேட்டா. பாருங்க, கேட்ட ஆளையும் கேட்ட கேள்வியையும்!

மகள்ட வாய் அசைஞ்சது. எல்லாரும் காதைக் கிட்டக் கொண்டுபோனாங்க. “தண்ணி” எண்டாள். “தாய் தண்ணி கேக்கிறா, தாய் தண்ணி கேக்கிறா” எண்டு ஒரு குடம் மஞ்சத்தண்ணியைத் தூக்கி அவள்ட தலையில ஊத்திப்போட்டாங்க.

நான் குனிஞ்சு அவள்ட கையைப் பிடிச்சன். அந்த வெக்கைக்குள்ள அந்தக் கை ஐசாக் கிடந்தது. அதுக்குப் பிறகு நான் என்ன சொன்னன், ஆரைத் தள்ளினன் எண்டு எனக்கு ஞாபகமில்ல. மற்றவங்க சொல்லித்தான் தெரியும். “அம்மனுமில்ல ஒண்டுமில்ல, என்ட புள்ள பசியில விழுந்து கிடக்கிறாள், விலகுங்கடி!” எண்டு உடுக்குச் சத்தத்துக்கு மேலால கத்தினனாம். சன்னிதியில இப்படிச் சொன்னதுக்கு இண்டைக்கும் என்னோட கதைக்காத ஆக்கள் இருக்கிறாங்க. இருக்கட்டும். அவளைத் தோளில போட்டுக்கொண்டு ஓட்டோவில ஏத்தினன். அவளைத் தூக்க எனக்கு இன்னொரு ஆள் தேவைப்படல்ல.

பெரியாசுபத்திரியில சேலைன் ஏத்தினாங்க, நெஞ்சில வயரை ஒட்டிப் பாத்தாங்க. காத்தான்குடிப் பக்கத்து முஸ்லிம் லேடி டொக்டர் ஒருத்தர் வந்தா. வயசு கூட இல்ல, அமைதியான கதை. புள்ள கடைசியா எப்ப ஒழுங்காச் சாப்பிட்டது எண்டு கேட்டா. அக்கா நேத்திக் கதையைத் தொடக்கத்தில இருந்து சொன்னா. அந்த இடத்திலயும் அவட குரலில ஒரு பெருமை இருந்தது. டொக்டர் சிரிக்கவுமில்ல, ஏசவுமில்ல.

“நாங்களும் நோன்பு பிடிக்கிற ஆக்கள்தானம்மா” எண்டா. “நோன்புக்குத் துறக்கிற நேரம் எண்டு ஒண்டு இருக்கு. ஏலாதவங்க பிடிக்க வேணாம் எண்டும் இருக்கு. உங்கட மகள்ட நோன்பு எப்ப துறக்கிறது?”

இது சாப்பாட்டை விடுற ஒரு வருத்தம், மனசுக்குள்ள தொடங்கி உடம்பைப் பிடிக்கிறது, கன பொம்பிளைப் புள்ளைகளுக்கு வருது, வெளியில தெரியுறல்ல எண்டு டொக்டர் விளங்கப்படுத்தினா. “இதயம் நல்லாக் களைச்சுப் போச்சு. இப்படியே விட்டா ஒரு நாள் நிண்டிரும்” எண்டா. அக்கா அந்த விறாந்தைத் தரையிலேயே குந்திட்டா.

அக்காவுக்கு ஒரே நினைப்புத்தான். நேத்தியை முடிச்சு விட்டா மகள் தின்னுவாள். எனக்கும் அது சரியெண்டுதான் பட்டது. பொங்கலை வச்சு, தேங்காயை உடைச்சு, தெய்வத்திட்டச் சொல்லி முடிச்சாப் போச்சு. நோயாளரைப் பாக்க விடுற நேரம் நான் மட்டும் உள்ளுக்குப் போய் அவள்ட கட்டிலில இருந்தன்.

“சொல்லு மகள், எந்தக் கோயிலுக்கு நேந்தாய்? நாளைக்கே போய் முடிச்சிட்டு வாறன்.”

அவள் போர்வைத் துணியைச் சுருட்டிக்கொண்டிருந்தாள்.

“எந்த அம்மன் புள்ள? தூரக் கோயிலெண்டாலும் பரவாயில்ல.”

“ஒரு அம்மனுமில்ல சின்னம்மா” எண்டாள். “நான் ஒருத்தருக்கும் நேரல்ல.”

எனக்கு முதல்ல விளங்கல்ல. திரும்பக் கேட்டன். “அண்ணன்ட பயணம்?”

“அது தன்டபாட்டில சரிவந்தது.”

இவ்வளவு விடுப்புக் கேட்ட நான், கேக்க வேண்டிய அந்த ஒரு கேள்வியைக் கேக்கிறதுக்கு அவள் கட்டிலில விழ வேண்டிக் கிடந்தது. ஏன் மகள் எண்டன். அவள் மெதுவாத்தான் சொன்னாள். தேற்றாத்தீவு ஆக்கள் வந்த நாளைச் சொன்னாள். “சுவரைத் தட்டிப் பாத்த அதே கையால என்ட கையையும் பிடிச்சுப் பாத்தாங்க சின்னம்மா. வீட்டில குறையில்ல, என்னிலதான் கூடிப்போச்சு. அம்மாவும் குறைச்சிருவாள் எண்டு சொல்லிட்டா. எனக்குப் பசிக்கல்ல எண்டு சொன்னா நீங்க விடுவீங்களா? தின்னு தின்னு எண்டு ஏசுவீங்க. அம்மனுக்கு எண்டன். எல்லாரும் கும்பிட்டீங்க.”

“இப்ப பசிக்கிறல்லையா உனக்கு?”

“எப்பவும் பசிக்குது. விடியக்குள்ளயே பசிக்குது. அதை வெண்டிட்டன் எண்டு ஒரு நினைப்பு வரும் பாருங்க, அதுக்காகத்தான். வேற எதில என்ட சொல்லு நடந்தது? இப்ப நிப்பாட்டுவம் எண்டாலும் ஏலாமக் கிடக்கு. சோறைக் கண்டா பயமாக் கிடக்கு.”

எனக்கு அழுகை வரல்ல. கோவம்தான் வந்தது. தேற்றாத்தீவு ஆக்களில கோவம், அக்காவில கோவம், படத்தைக் காட்டி ரகசியம் கேட்ட குமரிகளில கோவம். அவள்ட பேரில ஒரு வீடு எழும்பி நிக்குது, உள்ளுக்குப் போய் இருக்க அவள்ட உடம்பு விடமாட்டன் எண்டுது. அவள்ட தலையைத் தடவி, “நீ சொன்னது நல்லம் மனே” எண்டு மட்டும் சொன்னன். அக்காட்டயும் நானே சொன்னன். அவ நம்பல்ல. பிறகு நம்பினா. தேற்றாத்தீவுக்கு, இப்ப வேணாம் எண்டு அத்தான் ஒரு ஆளிட்டச் சொல்லிவிட்டார்.

வீட்ட விடக்குள்ள டொக்டர் சொன்னது இதுதான்: மருந்தோட கிளினிக்குக்கு வரணும். புள்ள தனிய இருந்து சாப்பிடக் கூடாது, தனிச் சட்டி கூடாது, சமைக்கவும் வேணாம். தாய் கூட இருக்கணும். ஒரே மேசை, ஒரே சாப்பாடு, ஒரே நேரம். தின்டா புகழவும் வேணாம், தின்னாட்டி ஏசவும் வேணாம். உடம்பைப் பத்தி ஒரு கதையும் கூடாது. இவ்வளவுதானே எண்டு நான் நினைச்சன். சமையலை நான் எடுத்துக்கொண்டன்.

இவ்வளவுதான் எண்டது எவ்வளவு பெரிய வேலையெண்டு பிறகுதான் தெரிஞ்சது. மகள் ஒரு வாய் வைக்கிறதுக்கு முன்னால கண்ணால தண்ணி ஓடும். ஆனாலும் வைப்பாள். ஏலாம இருந்தது அக்காவுக்குத்தான்! கதிரையில இருந்தா இருக்க மாட்டா. உப்பு எடுக்க எழும்புவா. தண்ணி எடுக்க எழும்புவா. கோழி கத்துது எண்டு எழும்புவா. “நீங்க தின்னுங்க, நான் பிறகு பாத்துக்கொள்றன்” எண்டு கோப்பையை மூடிவச்சிருவா. நான் கண்ணைக் காட்டுவன், பல்லைக் கடிப்பன், ஒண்டும் சரிவரல்ல. அந்த ஒரு கோப்பைச் சோறை இருந்து தின்னுறது அவவுக்கு ஏதோ களவெடுக்கிறது மாதிரி.

மகள் அதைப் பாத்துக்கொண்டிருந்தாள். பிறகு அவளும் கையைக் கழுவத் தொடங்கினாள். “அம்மாவுக்கு வேணாமெண்டா எனக்கு மட்டும் என்னத்துக்கு?” எண்டாள். கிளினிக்கில பாத்தா, ஏறின கொஞ்சமும் இறங்கிப்போச்சு. இப்படியே போனா திரும்பவும் ஆசுபத்திரியில மறிச்சு வைக்க வேண்டி வரும், இந்தமுறை உடம்பு தாங்குமோ தெரியா எண்டு டொக்டர் என்னை மட்டும் கூப்பிட்டுச் சொன்னா.

வந்த வழி முழுக்க நான் கொதிச்சுக்கொண்டு வந்தன். அண்டைக்கு மத்தியானம் சோறும் மீன் ஆணமும் மேசையில. அக்கா வழமைபோல எழும்பினா. எனக்குப் பத்திக்கொண்டு வந்திட்டு. “இருங்க அக்கா!” எண்டு மேசையில அடிச்சன். “உங்கட மகள் சாகப்போறாள், நீங்க ஊறுகாய்ப் போத்தல் தேடுறீங்க. ஒரு கோப்பைச் சோறு தின்னுறதுக்கு உங்களுக்கு என்ன கேடு?”

அக்கா நிண்டபடி என்னைப் பாத்தா. பிறகு கதிரையில விழுந்த மாதிரி இருந்தா.

“எனக்குப் பசிக்கிறல்லடி” எண்டு அழுதா. “பொய்யில்ல. பசி எப்படி இருக்குமெண்டே மறந்து போச்சு. ஆக்கி, எல்லாருக்கும் போட்டு, சட்டி பானை கழுவி முடிய, வயிறு கேக்கிறதை விட்டிருது. எந்தக் காலத்தில விட்டதெண்டும் தெரியா. இல்லாத பசிக்கு நான் எப்படித் தின்னுறது?”

மகள் தாயைப் பாத்துக்கொண்டிருந்தாள். எனக்கு உள்ளுக்குப் பயம், புள்ளைக்கு முன்னால கத்திப்போட்டன், இனி எழும்பிப் போயிருவாள் எண்டு. அவள் கதிரையை இழுத்துக்கொண்டு தாய்க்குக் கிட்டப் போனாள். அக்காட கையை எடுத்து, அக்காட நெஞ்சுக் கூட்டுக்குக் கீழ வச்சாள்.

“இஞ்சதான் அம்மா” எண்டாள். “முதல்ல இஞ்ச ஒரு காத்து ஓடும். அதைக் கவனிக்காம விட்டா கோவம் வரும், ஆரையாவது ஏசணும் போல இருக்கும். அதையும் விட்டா விரல் குளிரும். பிறகு ஒண்டும் தெரியா, லேசா இருக்கும். அந்த லேசை மட்டும் நம்பிராதீங்க.”

அந்த வீட்டில பசியைப் பத்தித் தெரிஞ்ச ஒரே ஆள் அவள்தான் எண்டது எனக்கு அப்பதான் உறைச்சது. அக்கா கையை எடுக்கல்ல. கண்ணை மூடிக்கொண்டு எதையோ தேடுற மாதிரி இருந்தா.

“கோவம் வருது” எண்டு மெதுவாச் சொன்னா. “ஒவ்வொரு நாளும் பின்னேரம் வருது. உங்கட அப்பாவை ஏசித் தின்னுறன் அந்த நேரம். நான் அதைப் பிரசர் எண்டுதானே நினைச்சன்.”

“அது பசி அம்மா.”

“பசியா?”

“ஓம்.”

அக்கா அந்தக் கையை எடுத்து மகள்ட வயித்தில வச்சா. “உனக்கு இப்ப இருக்கா மனே?”

அவள் சோத்தைப் பாத்தாள். “இருக்கு” எண்டாள். “பயமும் இருக்கு.”

நான் ரெண்டு கோப்பையிலயும் சோறைப் போட்டன். அக்கா எழும்பல்ல. கன நேரம் பிசைஞ்சு, ஒரு வாய் வச்சு, மென்டு விழுங்கினா. இன்னொரு வாய் வச்சா. பிறகு கோப்பையை என்ட பக்கம் தள்ளி, “இன்னும் கொஞ்சம் ஆணம் ஊத்து” எண்டா. அவ தனக்கெண்டு கேட்டு நான் கண்டதில்ல.

“எனக்கும்” எண்டாள் மகள்.